உளநோய் மருந்தும் மூளைப் பெப்தைட்டும்

1952 இல் பாரிசு நகரத்துச் செயின்ற் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசீனை உளநோயாளருக்கு அளித்தனர். கூச்சல் அடங்கிற்று, ஆயின் நெடுநாள் உட்கொண்டோர் சிலரிடம் நாவும் வாயும் தாமே அசையும் புதிய துன்பம் பின்னர்த் தோன்றிற்று. இம்மருந்துகள் தோபமீன் வாங்கிகளை மறிக்கின்றன என்னும் கருத்தைக் கால்சன் 1963 இல் முன்வைத்தார். மறிப்புச் சில மணியில் நிகழ்வது. நோய் முற்றத் தணியவோ பல வாரம் செல்லும். அவ்விடைக்காலத்தில் மூளை வாளாவிருப்பதில்லை.

1975 இல் அபர்டீனில் ஹியூஸ், கொஸ்டர்லிட்ஸ் என்போர் என்கெபலின் என்னும் பெப்தைட்டைக் கண்டறிந்தனர். மூவாண்டின்பின், வாரக்கணக்கில் ஹலோபெரிடோல் பெற்ற எலிகளின் வரியுடலத்தில் அது மிகுந்திருத்தல் புலனாயிற்று. தேக்கம் மட்டுமன்று, ஆக்கமே பெருகிற்றென்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. இதனால் ஓர் இடர்ப்பாடும் விளைந்தது. இறந்த நோயாளியின் மூளையிற் காணும் மாற்றம் நோயின் சுவடோ, மருந்தின் சுவடோ? மருந்துண்ணாதார் மூளை ஆய்வுக்குக் கிடைத்தல் அரிது.