யாரை அளக்கிறது அந்த அளவுகோல்?

"இதுக்கு இங்கிலீஷ் ஏறாது" என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது அங்கே அளக்கப்படுவது பிள்ளையா, பள்ளிக்கூடமா? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் கூலிச் சனங்களும் குடியேறிய சனங்களும் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோனார்கள். அந்த வரலாறு நமக்கும் வேண்டும்.

கலிபோர்னியாவில் சோலிடாட் என்று ஓர் ஊர். அங்கே பண்ணைகளில் கூலி வேலை செய்த மெக்சிக வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பது பேரை மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் உட்கார வைத்தார்கள். எதை வைத்து? அறிவுத்திறன் சோதனையை வைத்து. சோதனை எந்த மொழியில்? இங்கிலீஷில். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைக்கு! ஸ்பானிஷில் திரும்பச் சோதித்ததும் பெரும்பாலானவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். டயானா வழக்கு என்று பெயர். இனி வீட்டு மொழியிலும் சோதிக்கிறோம் என்று 1970இல் மாநிலம் ஒத்துக்கொண்டது.

அதே ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் லாவ் வழக்கு தொடங்கியது. இங்கிலீஷ் பேசத் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் 2,856 பேர். சுமார் 1,000 பேருக்குத்தான் தனியாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள். சுமார் 1,800 பேருக்கு அதுவும் இல்லை. கேட்டால், எல்லாருக்கும் ஒரே வாத்தியார், ஒரே புத்தகம், இதில் பாகுபாடு எங்கே வந்தது என்கிற வாதம். கீழ்க் கோர்ட்டு அதை ஏற்றது. பிள்ளைகள் குடும்பச் சூழலால் வரும்போதே ஏற்றத்தாழ்வோடு வருகிறார்கள், அதைப் பள்ளிக்கூடம் உண்டாக்கவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1973இல் சொன்னது. நம்ம ஊர்த் தகுதி வாதிகளின் பேச்சு மாதிரியே இருக்கிறது அல்லவா?

1974 சனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாகப் புரட்டிப் போட்டது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: மொழி புரியாத பிள்ளைக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த அதே புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது. தீர்ப்புக்கு அடிப்படை 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம். கறுப்பு மக்கள் தெருவில் இறங்கி, போலீஸ் நாய்க்கடி பட்டு, சிறைக்குப் போய் வாங்கிய சட்டம். அது சீனப் பிள்ளைக்கும் கைகொடுத்தது.

அடுத்தது 1981, டெக்சாஸ் மாநிலத்தின் ரேமண்ட்வில். மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் போட்ட காஸ்டனேடா வழக்கில் கோர்ட்டு மூன்று கேள்விகளை வகுத்தது. சொல்லிக்கொடுக்கும் முறைக்கு நியாயமான அடிப்படை இருக்கிறதா? அதை நடத்த ஆளும் பொருளும் ஒதுக்கப்பட்டதா? கொஞ்சகாலம் நடத்திய பிறகு பிள்ளைகளின் மொழித்தடை நீங்கியதா? நீங்கவில்லை என்றால் முறையை மாற்ற வேண்டும். மாணவர் முன்னேற்றத்தைக் கணக்கெடுப்பதன் நோக்கம் இங்கேதான் தெளிவாகிறது. பிள்ளை வாங்கும் மார்க் பள்ளிக்கூடத்துக்கு எதிரான சாட்சியாகவும் நிற்க முடியும்.

2002இல் கையெழுத்தான கூட்டரசுச் சட்டம், கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் வருசா வருசம் சோதிக்கச் சொன்னது. கணக்கு கூடியது. ஆனால் கணக்கே முத்திரையாகவும் ஆனது. ஆறு வருசம் தாண்டியும் 'இங்கிலீஷ் கற்பவர்' என்ற பெயரிலேயே கிடந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களில் பலர் அந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். 2012இல் கலிபோர்னியா, அப்படித் தேங்கியவர்களைத் தனியாக அடையாளம் காணச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

நம்மிடமும் அளவுகோல் வந்துவிட்டது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. பின்தங்கிய பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்து, அங்கிருந்து தூக்கிவிடுவதற்காக. நல்லதுதான். எங்க காலனியில் நான் இரவுப் பள்ளி நடத்துகிறேன். அங்கே வருகிற ஒரு பையன் ரெண்டு வருசமா இங்கிலீஷில் அரும்புதான். நடவு வேலைக்குப் போகிற அவன் அம்மா பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டாங்க. "வீட்ல சொல்லிக்குடுக்க ஆள் இல்ல, நாங்க என்ன பண்றது?" என்று பதில் வந்தது. 1973இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பையன் இரவுப் பள்ளியில் பஸ் போர்டையும் மருந்துச் சீட்டையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.

தோழர்களே, பிள்ளைகளை அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காமல் விட்டால், 1,800 பேரை விட்ட மாதிரி நம்ம பிள்ளைகளையும் கடைசி பெஞ்சில் விட்டுவிடுவார்கள். அளந்த கணக்கு நம் கைக்கு வர வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு. நம்ம தாய்மார்களைக் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடும் கூட்டம் அது. அடுத்த கூட்டத்துக்கு அவங்களோடு நாமும் துணைக்குப் போவோம். எத்தனை பிள்ளை எத்தனை வருசமாக அரும்பில் இருக்கிறது, அவர்களுக்காகப் பள்ளிக்கூடம் எதை மாற்றியது என்று அவங்க கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்குவோம்.