திருகோணமலைச் சாசனங்களும் பதிப்புக் குறியீடுகளும்: தரப்படுத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ்ச் சாசன ஆய்வில் திருகோணமலை மாவட்டத்துக்குத் தனியிடம் உண்டு. துறைமுகத்தை அடுத்த கோட்டை வாயிலிலும், நிலாவெளி, பெரியகுளம், கந்தளாய் முதலிய இடங்களிலும் கிடைத்த சாசனங்கள், சோழராட்சிக் காலத்தையும் அதன் பிற்காலத்தையும் அறிய முதன்மை ஆதாரங்களாக விளங்குகின்றன. இச்சாசனங்களின் பொருள் விரிவாக ஆராயப்பட்ட அளவுக்கு அவை அச்சேறிய முறை ஆராயப்படவில்லை. சிதைந்த எழுத்தையும் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்தையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளங்கள் எவை? நெடுங்கால வழக்கில் நிலைபெற்ற அவ்வடையாளங்களை முறைப்படி ஒரே விதியாக வகுத்தல் வேண்டுமா? இவ்வினாக்களையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கல்லின் இயல்பை நோக்குவோம். பழைய தமிழ்ச் சாசனங்களிற் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. வடசொற்கள் கிரந்த எழுத்திற் கலந்து வரும்; வேலி, மா, காணி முதலிய அளவைகள் சொல்லாயன்றிக் குறியீடாகவும் வரும். ஆகவே, கல்லிலுள்ளதை அச்சுக்குக் கொணரும் ஒவ்வொரு செயலும் ஒரு தீர்ப்பேயாகும். அத்தீர்ப்பைப் படிப்போர் கண்டுணரச் செய்யும் கருவியே பதிப்புக் குறியீடு.

இக்கருவி இருவேறு மரபுகளில் வளர்ந்தது. 1890 இல் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியுடன் தொடங்கிய வரிசை நம்மவர்க்கு வழிகாட்டியாயிற்று. சிதைந்தோ ஐயத்துக்கிடமாகவோ உள்ள எழுத்துகளைப் பகர அடைப்புள் இடுவதும், கல்லில் எழுதாது விடுபட்டதைச் சேர்க்குமிடத்து உடுக்குறி இடுவதும் இந்தியச் சாசனவியலின் வழக்காயின. மறுபுறம், 1931 இல் லெய்டன் நகரில் கூடிய அறிஞர், கிரேக்க இலத்தீன் மூலங்களுக்கென ஒரு பொது முறையை வகுத்தனர். அம்முறையிற் பகர அடைப்பு, முற்றாக அழிந்துபோய்ப் பதிப்பாசிரியரால் நிரப்பப்பட்ட எழுத்தைக் குறிக்கும். ஐயத்துக்குரிய எழுத்தின் கீழே ஒரு புள்ளி இடப்படும்.

முரண்பாடு இங்கேதான் எழுகின்றது. ஒரே அடைப்பு, ஒரு மரபில் “கல்லில் உண்டு, தெளிவில்லை” என்றும், மற்றதில் “கல்லில் இல்லை, நாம் ஊகித்தோம்” என்றும் பொருள்படுகின்றது. இரண்டையும் ஒருங்கு பயிலும் மாணவர் ஊகத்தை ஆதாரமாகக் கொள்ளவும், ஆதாரத்தை ஊகமெனத் தள்ளவும் கூடும்.

இவ்வேறுபாடு வெறும் அச்சுச் சிக்கல் அன்று என்பதற்குப் பிரெட்ரிக் கோட்டை வாயிற் சாசனம் தக்க சான்று. 1622 முதல் 1624 வரையான காலத்திற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். வாயிற்கல்லில் இணைக்கயற் சின்னத்துடன் சிதைந்த நிலையிற் சில வரிகளே எஞ்சியுள்ளன. குளக்கோட்டன் திருப்பணியையும் பறங்கியர் வருகையையும் கூறும் முழுச்செய்யுள் ஒன்று வாய்மொழியிலும் ஏட்டிலும் வழங்குகின்றது. அச்செய்யுளைக் கொண்டு கல்லின் சிதைவுகளை நிரப்புவது இயல்பே. ஆனால் நிரப்பியவை அடைப்பின்றி நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்படும்போது, கல்லிற் காணாதனவும் கல்லின் சாட்சியாகிவிடுகின்றன.

கோணேசர் கல்வெட்டு என்னும் நூலின் பெயரும் இத்தகைய மயக்கத்துக்கு இடமளிப்பது. அது கல்லில் வெட்டப்பட்டதன்று; ஏட்டுவழி வந்த நூல். கோயிலுக்குரிய ஊழியங்களையும் உரிமைகளையும் அது வகுத்துரைக்கின்றது. யார் எவ்வூழியம் செய்யக் கடமைப்பட்டோர் என்று சொல்லும் நூலுக்குக் கல்லின் அதிகாரம் ஏறுமாயின், ஒரு காலத்தின் சமூக ஒழுங்கு என்றுமுள்ள விதியாகத் தோன்றும். உழைத்த மக்களின் வரலாற்றை எழுத விரும்புவோர் இதனைப் புறக்கணித்தல் ஆகாது. கோணமலைக் கோயிலுக்கு நிலம் வழங்கியதைப் பதிந்த நிலாவெளிச் சாசனம் போன்றவற்றிலும், எல்லையையோ அளவையையோ குறிக்கும் ஓரெழுத்தின் வாசிப்பு பெரும் பொருள் வேறுபாட்டை விளைவிக்கும்.

பெரியகுளத்து வெல்கம் விகாரை இன்னுமொரு பாடத்தைத் தருகின்றது. இராஜராஜப் பெரும்பள்ளி எனச் சோழர் காலத்திற் பெயர்பெற்ற அப்பௌத்தப் பள்ளிக்குத் தமிழிற் பொறிக்கப்பட்ட தானசாசனங்கள், மொழியும் சமயமும் ஒன்றோடொன்று பிணைந்தே நின்றன என்னும் எளிய கொள்கையைத் தகர்க்கின்றன. நிலவுரிமையும் தொல்லிடங்களும் இனப்பிரச்சினையின் களங்களாகிவிட்ட இம்மாவட்டத்தில், எத்தரப்பார் கூற்றையும் சோதிக்க உதவுவது நேர்மையான பதிப்பேயாகும்.

இத்துறையில் நம்மவர் ஆற்றிய பணி சிறிதன்று. ஆ. வேலுப்பிள்ளை 1971, 1972 ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தமிழ்ச் சாசனங்களை இரு பகுதிகளாக வெளியிட்டார். செ. குணசிங்கம் 1974 இற் சோழ இலங்கேஸ்வர தேவனின் இரு சாசனங்களுடன் திருகோணமலைச் சாசன வரிசையைத் தொடங்கினார். சி. பத்மநாதனின் பெருந்தொகுப்பு 2006 இல் வெளிவந்தது. இவற்றை ஒருங்கே பயன்படுத்தப் பொதுக் குறியீடு வேண்டும் என்பது தெளிவு.

எனினும் தரப்படுத்தலுக்கு எதிரான வாதங்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழக்கு உயிருள்ளது, விதி அதனை இறுக்கிவிடும் என்பர் சிலர். லெய்டன் முறையை அப்படியே ஏற்பின், பதிப்பாசிரியர் சேர்க்கும் ஒவ்வொரு மெய்ப்புள்ளிக்கும் ஓர் அடையாளம் வேண்டியதாகும்; வாசகம் குறிகளால் மூடுண்டு போகும். எழுத்தின் கீழ்ப் புள்ளியிடுதலும் தமிழ் அச்சுக்கோப்பில் எளிதன்று. மேலும், புதுவிதி பழைய பதிப்புகளைத் திருத்திவிடாது. இவ்வாதங்கள் வலுவானவையே. ஆனால் இவை அயல்முறையை அப்படியே ஏற்பதற்குத் தடையாகுமேயன்றி, நமது வழக்கைத் தெளிவாக வரையறுப்பதற்குத் தடையாகா.

கணினியின் வருகை இவ்வினாவுக்குப் புதிய அவசரத்தை அளித்துள்ளது. லெய்டன் குறிகளின் பொருளைக் கணினி அறியுமாறு எழுதும் எபிடொக் முறை இன்று பரவியுள்ளது. 2019 இல் ஐரோப்பிய நிதியுதவியுடன் தொடங்கிய தர்மா ஆய்வுத்திட்டம் தமிழ்ச் சாசனங்களுக்கும் அம்முறையைக் கையாண்டது. மனிதர் தம் அறிவாற் சூழல் நோக்கித் தெளியும் ஈரடிப் பொருளைக் கணினி தெளியாது. பகர அடைப்பு எதனைக் குறிக்கின்றது என்பதை முன்கூட்டியே சொல்லியாதல் வேண்டும். நாம் சொல்லாதுவிடின், நம் சாசனங்களை அறியாதார் வகுத்த விதியே நமக்கும் விதியாகும்.

ஆகவே நாம் முன்வைப்பது இதுவே. புதியதொரு முறையை ஆக்குதல் வேண்டா. நிலவும் இந்திய இலங்கை வழக்கையே எழுத்தில் வரையறுத்தல் போதும். மெய்ப்புள்ளி, எகர ஒகர வேறுபாடு ஆகியவற்றைப் பொதுக்குறிப்பாக ஒருமுறை கூறிவிடலாம். சிதைந்த எழுத்துக்கும் அழிந்த எழுத்துக்கும் வேறுவேறு அடைப்பு இடுதல் வேண்டும். ஒவ்வொரு பதிப்பும் தான் கையாளும் குறிகளை முகப்பிலே விளக்கி, மைப்படியின் படத்தையும் உடன் வெளியிடுதல் வேண்டும். பழைய பதிப்புகளை மீள அச்சிடுவோர் அவற்றின் குறிகளை நீக்காமலும், பொருளறியாது மாற்றாமலும் பேணுதல் கடன். இவ்விதியைத் தமிழறிஞரும் சிங்கள அறிஞரும் ஒருங்கமர்ந்து வகுப்பின் அது நிலைபெறும்; ஏனெனில் கல் எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லவில்லை என்பதில் இரு சாராரும் உடன்பட்ட பின்னரே அதன் பொருள் பற்றிய விவாதம் பயனுடையதாகும்.