மதுவிலக்கும் வரவுசெலவுத் திட்டமும்: சித்தூர் மாவட்டத்தை முன்வைத்து (1937–1954)

முன்னுரை

ஓர் அரசின் முன்னுரிமையை அதன் செலவினங்களைக் கொண்டு மதிப்பிடுதல் மரபு. அது எந்த வருவாயைக் கைவிடத் துணிகிறது என்பதும் அதற்குச் சான்றாகும். திருப்பதியை உள்ளடக்கியிருந்த அன்றைய சித்தூர் மாவட்ட வரலாற்றின் வழி இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கைவிட்ட வருவாயும் புதிய வரியும்

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றம் 1937 ஜூலையில் முதன்முதலாகக் கூடியது. மாகாணப் பிரதமர் இராஜாஜி நிதித்துறையையும் தாமே ஏற்றார். தங்குதூரி பிரகாசம் வருவாய்த்துறை அமைச்சரானார். கள், சாராயத்தின் மீதான கலால் வரி மாகாண வருவாயின் பெருந்தூண்களுள் ஒன்றாக விளங்கியது. எனினும் அவ்வாண்டிலேயே மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. 1937 அக்டோபர் 1இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, ஓராண்டு கழித்துச் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939இல் வட ஆர்க்காட்டிற்கும் விரிந்தது. இவ்வாறு மாவட்டவாரியாக விரித்தமை, இழப்பை ஒரே ஆண்டில் சுமக்காதிருக்கும் நிதி உத்தியும் ஆகும் எனலாம்.

இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி இதுவே. கள்ளுக்கடையில் கிடைத்த வருவாயை அரசு இனி ஏனைய கடைகளில் தேடியது. குடியாதோரும் அச்சுமையில் பங்கேற்றனர்.

முடிவுரை

1953 அக்டோபர் 1இல் சித்தூர் மாவட்டம் புதிய ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. அதன் முதல்வர் பிரகாசத்தின் அமைச்சரவை, 1954 நவம்பரில் மதுவிலக்குச் சிக்கலையொட்டி வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே வாக்கில் வீழ்ந்தது. பின்னாளில் இரு மாநிலங்களிலும் மதுவிலக்குத் தளர்ந்தது. கலால் வருவாயும் திரும்பியது. ஆயினும் அதற்கு ஈடாகப் பிறந்த விற்பனை வரி நீங்கவில்லை. கைவிட்ட வருவாய் மீண்டாலும் மாற்றாக வந்த வரி நிலைத்துவிடும் என்பதே இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மையாகும்.