பெயர் மாற்றப்பட்ட இளவரசி

துத்தன்காமனைத் தெரியாதவர்கள் குறைவு. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் அவனது கல்லறையைக் கண்டுபிடித்த பிறகு, அந்தத் தங்க முகமூடியைப் படத்திலாவது பார்க்காதவர் இல்லை எனலாம். ஆனால் அவனுடைய மனைவி யார் என்று கேட்டால் நம்மில் பலரும் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். அவள் பெயர் அன்கெசெனமூன். ஒரு பிர்அவ்னின் மகள். இன்னொரு பிர்அவ்னின் மனைவி.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மிஸ்ரை ஆண்ட அகெனாத்தெனுக்கும் நெபர்டிட்டிக்கும் ஆறு பெண்பிள்ளைகள். மூன்றாமவள் இவள். முதலில் இட்ட பெயர் அன்கெசென்பாத்தென். ஆத்தென் எனும் சூரியத் தட்டுக்குரியது இவள் வாழ்வு என்பது அதன் கருத்து. அமூன் முதலிய பழைய தெய்வங்களை ஒதுக்கிவிட்டு ஆத்தென் வழிபாட்டை நிலைநாட்டியவன் அவளது வாப்பா. அதற்கெனவே புதிய தலைநகர் ஒன்றையும் கட்டினான். இன்று அதை அமர்னா என்கிறோம். பெர்லினில் உள்ள அமர்னாக் கற்பலகையொன்றில், உம்மாவின் தோளில் ஏறியிருக்கும் சின்னக் குழந்தை இவள்தான். மூத்தவர்களில் ஒருத்தியான மெகெத்தாத்தென் இளவயதிலேயே இறந்துபோனாள். பெற்றோர் அழுது நிற்கும் காட்சி அமர்னா அரச கல்லறைச் சுவரில் இருக்கிறது.

வாப்பாவுக்குப் பின் காலம் தலைகீழானது. சிறுவன் துத்தன்காத்தெனுக்கு அவளை மணமுடித்து வைத்தார்கள். அமூன் வழிபாடு திரும்பியதும் இருவர் பெயரிலும் ஆத்தென் போய் அமூன் வந்தது. கல்லறையில் கிடைத்த தங்கச் சிம்மாசனத்தில் பழைய பெயர்களும் புதிய பெயர்களும் இருக்கின்றன. அதே கல்லறையில் சிறு பெட்டியொன்றுக்குள் பதப்படுத்தப்பட்ட இரு பெண் சிசுக்கள் இருந்தன. அவை இத்தம்பதியின் குழந்தைகள் என்றே கருதப்படுகிறது.

துத்தன்காமன் இறக்கும்போது வயது இருபதைக்கூடத் தாண்டவில்லை. இன்றைய துருக்கியில் ஆட்சி செய்த ஹிட்டைட் மன்னன் சுப்பிலுலியுமாவுக்கு மிஸ்ர் அரசி ஒருத்தி அனுப்பிய தூது பற்றி அந்நாட்டுக் களிமண் பலகைகள் சொல்கின்றன. மாப்பிள்ளை மவுத்தாகிவிட்டார், ஆண்பிள்ளை இல்லை, தன் ஊழியன் ஒருவனை மணக்கத் தனக்கு விருப்பமில்லை, மகன்மாரில் ஒருவரை அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். அவ்வரசி அன்கெசெனமூனே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மன்னன் முதலில் நம்பவில்லை. ஆளனுப்பி விசாரித்த பின்பே மகன் ஸன்னன்ஸாவை அனுப்பினான். இளவரசன் அரியணை ஏறவில்லை; கொல்லப்பட்டான். அதனால் போர் மூண்டது. போர்க்கைதிகளோடு ஹிட்டைட் நாட்டுக்குக் கொள்ளைநோயும் வந்து சேர்ந்தது.

மிஸ்ரின் அரியணையில் அமர்ந்தவர் அய் என்ற முதியவர். அவர் பெயரும் அன்கெசெனமூன் பெயரும் சேர்ந்து பொறித்த மோதிரம் ஒன்று உண்டு. ஆனால் அய்யின் கல்லறையில் அரசியாக வரையப்பட்டிருப்பவள் அவரது பழைய மனைவி தேய்.

வாப்பாவின் கற்பலகை, மாப்பிள்ளையின் சிம்மாசனம், அந்நிய மன்னனின் களிமண் பலகை என்று பிறருடைய பொருட்களில்தான் அவள் கதை கிடக்கிறது. அவளது கல்லறை இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. தன் வாழ்வைத் தானே தீர்மானிக்க அவள் எடுத்த ஒரே முயற்சியாக நமக்குத் தெரிவது அந்தத் தூதுதான். அதையும் பாதுகாத்து வைத்தது அவளது சொந்த நாடல்ல, மகனை இழந்த ஒரு பகைநாடு.