207-ஆம் எண் நோயாளி

1990-ல் பீட்டர் தால், ஸ்டீபன் வெயில் இருவரும் 'பயோமெட்ரிக்ஸ்' இதழில் ஒரு அட்டவணை வெளியிட்டார்கள். வலிப்பு நோயாளிகள் 59 பேர். 31 பேருக்கு புரோகபைடு, 28 பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. முதலில் 8 வாரம், பிறகு இரண்டிரண்டு வாரமாக நாலு தடவை, வலிப்புகளை எண்ணினார்கள்.

மருந்து சாப்பிட்டவர்களில் 207-ஆம் எண்காரருக்கு முதல் 8 வாரத்தில் 151 வலிப்பு. மருந்து தொடங்கியபின் 102, 65, 72, 63. கூட்டினால் 302, சரியாக இரண்டு மடங்கு!

1994-ல் டிகிள், லியாங், ஜீகர் தங்கள் நூலில் இதை இரண்டு விதமாகக் கணக்கிட்டார்கள். அவரைச் சேர்த்தால், போலி மாத்திரையோடு ஒப்பிடும்போது மருந்தால் வலிப்பு சுமார் 10% குறைகிறது. அவரை விட்டால் 26%. ஒரே ஒரு ஆள்!

ஒரு வரியை நீக்கினால் விடை எவ்வளவு நகரும் என்று அளக்க 1977-லேயே டென்னிஸ் குக் வழி சொல்லியிருந்தார். ஆனால் இங்கே ஒருவருக்கே பல வரிகள். ஒரு வரியை எடுத்தாலும் மிச்ச வரிகளில் அவர் உட்கார்ந்திருப்பார். ஆளையே மொத்தமாக நீக்கிப் பார்க்கணும். மாடலை 59 தடவை ஓட்டாமலே இதைத் தோராயமாகக் கணிக்கும் சூத்திரத்தை 1996-ல் பிரைசரும் காகிஷும் கொடுத்தார்கள்.

அந்தச் சூத்திரம் ஆளைக் காட்டும், அவ்வளவுதான். தூக்கிப் போடச் சொல்லாது. வலிப்பு அதிகம் உள்ளவருக்குத்தானே மருந்து அதிகம் தேவை? அதனால் என் கட்சி, இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடணும் என்பதுதான்.