ஐக்கிய அமெரிக்கக் குடிவரவு மருத்துவப் பரிசோதனையில் காச நோய்ச் சோதனை

குடிவரவுக் காச நோய்ச் சோதனை என்பது, ஐக்கிய அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்பவர்களும் அகதிகளாக ஏற்கப்படுபவர்களும் பயணத்துக்கு முன்பு உட்பட வேண்டிய மருத்துவப் பரிசோதனையின் ஒரு பகுதி ஆகும். நுரையீரலில் செயல்நிலையில் உள்ள, பிறருக்குத் தொற்றக்கூடிய காச நோயைக் கண்டறிவதே இதன் முதன்மை நோக்கம். இச்சோதனைக்கான விதிமுறைகளை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் வகுக்கிறது. பரிசோதனையை நடத்துபவர்கள் ஒவ்வொரு நாட்டிலும் அமெரிக்கத் தூதரகம் நியமிக்கும் மருத்துவர்கள் ஆவர். ஏற்கனவே அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டு நிரந்தர வாழுரிமை கோருபவர்களை, அங்குள்ள குடிவரவுத் துறை நியமித்த மருத்துவர்கள் வேறு விதிமுறைகளின்படி பரிசோதிக்கின்றனர்.

இச்சோதனையில் நோய் கண்டறியப்பட்டால் விசா நிரந்தரமாக மறுக்கப்படும் என்று பலர் கருதுகின்றனர். இது தவறான கருத்து. நோயாளி சிகிச்சையை முடிக்கும் வரை பயணம் தள்ளிப்போகிறது. அதன் பின்னர் இந்நோய் தடையாக இருப்பதில்லை.

வரலாறு

1882 ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காச நோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்ததாக பெர்லினில் அறிவித்தார். அதற்கு முன் பரம்பரை நோயாகப் பலராலும் எண்ணப்பட்டது, இதன் பின் தொற்று நோயாக அறியப்பட்டது. 1891 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம், ஆபத்தான தொற்று நோய் உள்ளவர்களை நாட்டினுள் அனுமதிக்கக் கூடாது என்று பொதுவாகக் கூறியது. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் காச நோயைப் பெயர் சொல்லியே தடைப் பட்டியலில் சேர்த்தது.

அக்காலத்தில் பரிசோதனை கடற்பயணத்தின் முடிவில் நடந்தது. 1892 இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் எல்லிஸ் தீவில், வரிசையில் நடந்து வருபவர்களை மருத்துவர்கள் சில நொடிகள் பார்த்து, ஐயம் உள்ளவர்களின் உடையில் சுண்ணக்கட்டியால் எழுத்துக் குறி இட்டனர். வெளிப்படையான அறிகுறி இல்லாத காச நோயை இவ்வாறு கண்டறிவது இயலாத செயல். மேலும், சொத்தை விற்றுக் கடல் கடந்து வந்த ஒருவரைத் திருப்பி அனுப்புவது பெரும் துயராக முடிந்தது. 1924 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னர் விசா வழங்கலும் மருத்துவப் பரிசோதனையும் புறப்படும் நாட்டுக்கே மாறின.

நடைமுறை

விண்ணப்பதாரரின் நோய் வரலாறும் அறிகுறிகளும் முதலில் கேட்டறியப்படுகின்றன. 15 வயது நிரம்பிய அனைவருக்கும் நெஞ்சு எக்ஸ்-கதிர்ப் படம் கட்டாயம் ஆகும். கருவுற்ற பெண்கள் வயிற்றுப் பகுதிக்குக் காப்பு அணிந்து படம் எடுத்துக்கொள்ளலாம். அல்லது மகப்பேற்றுக்குப் பின் எடுத்துக்கொள்ளுமாறு பரிசோதனையைத் தள்ளிவைக்கலாம்.

காச நோய் மிகுதியாக உள்ள நாடுகளில், அதாவது ஆண்டுக்கு 1,00,000 பேரில் 20 பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இந்நோய் ஏற்படும் நாடுகளில், 2 முதல் 14 வயது வரையான குழந்தைகளுக்குத் தொற்றைக் கண்டறியும் சோதனை செய்யப்படுகிறது. இந்தியா இவ்வரம்பை மிகவும் தாண்டிய நாடு. முன்பு இதற்கு டியூபர்குலின் தோல் சோதனை பயன்பட்டது. 2018 முதல் இன்டர்ஃபெரான் காமா வெளியீட்டுச் சோதனை எனப்படும் இரத்தச் சோதனை அதன் இடத்தைப் பெற்றது. இந்தியாவில் பிறந்த உடனே பி.சி.ஜி. தடுப்பூசி போடப்படுவதால், தொற்றே இல்லாத குழந்தைக்கும் தோல் சோதனையில் தடிப்பு தோன்றக்கூடும். இரத்தச் சோதனையில் பி.சி.ஜி. தடுப்பூசியால் இக்குழப்பம் நேர்வதில்லை. தொற்று உள்ளதாகத் தெரியும் குழந்தைகளுக்கு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்படுகிறது.

படத்தில் காச நோயைக் குறிக்கும் மாற்றங்கள் காணப்பட்டாலோ, அறிகுறிகள் இருந்தாலோ, எச்.ஐ.வி. தொற்று இருந்தாலோ சளிச் சோதனை செய்யப்படுகிறது. தொடர்ந்து மூன்று வேலை நாட்களில், காலை வேளையில், கண்காணிப்பின் கீழ் மூன்று சளி மாதிரிகள் பெறப்படுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய காச நோயின் தழும்பும் படத்தில் தோன்றும். அது பழைய தழும்பா, இப்போதைய நோயா என்று படத்தை மட்டும் கொண்டு உறுதியாகக் கூற முடியாது. ஆகவே இருமலே இல்லாத, முழு நலத்துடன் இருக்கும் பலரும் சளி தர வேண்டியவர்களாகின்றனர். அவர்களில் பெரும்பாலோருக்குச் செயல்நிலை நோய் இருப்பதில்லை என்பதை இங்கு குறிப்பிட வேண்டும்.

நுண்ணோக்கியும் வளர்ப்புச் சோதனையும்

1991 ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பதே போதுமானதாக இருந்தது. மூன்று மாதிரிகளிலும் கிருமி தென்படாதவர் பயணம் செய்யலாம். இம்முறை மலிவானது, விரைவானது. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 பாக்டீரியாக்கள் இருந்தால்தான் அவை நுண்ணோக்கியில் தென்படும். சளியை ஊட்டப் பொருளில் இட்டு வளர்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு 10 முதல் 100 பாக்டீரியாக்களே போதும். அத்துடன், வளர்ந்த கிருமியைக் கொண்டே எந்த மருந்துக்கு அது கட்டுப்படும், எதை எதிர்க்கும் என்பதையும் அறியலாம். குறை, காலம்தான். காச நோய்ப் பாக்டீரியா ஒரு முறை இரட்டிக்கவே 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்வதால், கிருமி இல்லை என்று அறிவிக்க 6 முதல் 8 வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

பழைய முறையின் போதாமையை வெளிப்படுத்தியது தாய்லாந்தில் நடந்த ஒரு நிகழ்வு. லாவோஸ் நாட்டிலிருந்து வெளியேறி, தாய்லாந்தின் வாட் தாம் கிராபோக் என்ற பௌத்த மடத்தை ஒட்டி வாழ்ந்த மொங் இன அகதிகள் ஏறத்தாழ 15,000 பேரை 2004 முதல் அமெரிக்கா குடியமர்த்தத் தொடங்கியது. விதிமுறைப்படி பரிசோதிக்கப்பட்ட பின்னரே இவர்கள் அனுப்பப்பட்டனர். இருப்பினும், வந்து சேர்ந்தவர்கள் சிலரிடம் காச நோயும், பல மருந்துகளை எதிர்க்கும் காச நோயும் கண்டறியப்பட்டன. 2005 சனவரியில் பயணங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, வளர்ப்புச் சோதனை உள்ளிட்ட விரிவான பரிசோதனைக்குப் பின்னரே மீண்டும் தொடங்கின.

இதன் தொடர்ச்சியாக 2007 இல் புதிய விதிமுறைகள் வெளியிடப்பட்டன. வளர்ப்புச் சோதனை, மருந்து எதிர்ப்புச் சோதனை, நேரடிக் கண்காணிப்பில் சிகிச்சை ஆகிய மூன்றும் கட்டாயமாயின. இவற்றுக்கேற்ற ஆய்வகங்கள் பல நாடுகளில் இல்லாததால், விதிமுறைகள் நாடு நாடாக நடைமுறைக்கு வந்து, 2013 அக்டோபரில் அனைத்து நாடுகளையும் எட்டின.

2015 இல் வெளியான ஓர் ஆய்வு இம்மாற்றத்தின் விளைவை அளந்தது. 2007 முதல் 2012 வரை புதிய முறையில் பரிசோதிக்கப்பட்ட ஏறத்தாழ 15.6 இலட்சம் பேரில் 4,032 பேருக்குக் காச நோய் கண்டறியப்பட்டது. அவர்களுள் 2,195 பேரின் சளியில் நுண்ணோக்கியால் கிருமியைக் காண முடியவில்லை. வளர்ப்புச் சோதனை மட்டுமே காட்டிக்கொடுத்தது. பழைய முறையாக இருந்தால் இவர்கள் நோயுடன், சிகிச்சை எதுவும் இன்றி, விமானம் ஏறியிருப்பர். வெளிநாட்டில் பிறந்தோரிடம் அமெரிக்கா வந்த ஓராண்டுக்குள் கண்டறியப்படும் காச நோயின் எண்ணிக்கையும் இதே காலத்தில் ஆண்டுக்கு 1,511 இலிருந்து 940 ஆகக் குறைந்தது.

வகைப்பாடு

செயல்நிலைக் காச நோய் உள்ளவர் 'ஏ' வகுப்பினர். சிகிச்சை முடியும் வரை இவர் பயணம் செய்ய இயலாது. சிறப்பு விலக்கு கோரச் சட்டத்தில் இடம் உண்டு. 'பி' வகுப்புகள் பயணத்தைத் தடுப்பதில்லை. படத்தில் மாற்றங்கள் இருந்து வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராதவர் 'பி1' வகுப்பிலும், மறைநிலைத் தொற்று மட்டும் உள்ளவர் 'பி2' வகுப்பிலும், நோயாளியுடன் பழகியவர் 'பி3' வகுப்பிலும் சேர்க்கப்படுகின்றனர். தூதரக மருத்துவரின் மேற்பார்வையில் சிகிச்சையை முடித்தவருக்கு 'பி0' என்ற வகுப்பு உண்டு. 'பி' வகுப்பினர் பற்றிய தகவல், அவர்கள் சென்று சேரும் மாநிலத்தின் நலத்துறைக்கு அனுப்பப்படுகிறது. அங்கு மறுபரிசோதனை செய்துகொள்ளுமாறு அவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

சிகிச்சையும் காத்திருப்பும்

மருந்துகளுக்குக் கட்டுப்படும் காச நோய்க்கு வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதங்கள். ஒவ்வொரு வேளை மருந்தும் நலப் பணியாளர் முன்னிலையில் விழுங்கப்பட வேண்டும். இந்த முறைக்குச் சென்னையுடன் நெருங்கிய தொடர்பு உண்டு. 1956 இல் சென்னையில் நிறுவப்பட்ட காச நோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), வீட்டில் தங்கி மருந்து உட்கொள்பவரும் காசநோய் விடுதியில் தங்குபவரைப் போலவே குணமடைகின்றனர் என்பதை 1959 இல் நிறுவியது. வீட்டில் இருப்பவர் மருந்தைத் தவறாமல் உட்கொள்வதை உறுதி செய்வது எவ்வாறு என்ற கேள்வி அடுத்து எழுந்தது. பணியாளர் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறை இம்மையத்தில் 1960களில் ஆராயப்பட்டது.

சிகிச்சை முடிந்த பின்னும் சளி மாதிரிகளின் வளர்ப்பு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே மொத்தத் தாமதம் எட்டு மாதங்களைத் தாண்டுவது உண்டு. நோய் இல்லை என்று இறுதியில் தெரியவருபவருக்கும் இரண்டு மாதங்கள் கழிகின்றன. அகதிகள் அல்லாத விண்ணப்பதாரர்கள் பரிசோதனைச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். வீட்டை விட்டு, வேலையைத் துறந்து, பயணச்சீட்டும் வாங்கிய பின்னர் சளி கேட்கப்படும் குடும்பத்துக்கு இது சிறு இடர் அன்று. இலங்கை போன்ற நாடுகளிலிருந்து குலுக்கல் முறையில் தேர்வானவர்களின் நிலை இன்னும் கடினமானது. அவ்விசா, அமெரிக்க நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30 க்குள் வழங்கப்பட்டாக வேண்டும். அந்நாளைக் கடந்தால் தேர்வு செல்லாமல் போகும். எனவே காச நோய் வரலாறு உள்ளவர்கள் பழைய படங்களையும் சிகிச்சைச் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு, இயன்றவரை முன்கூட்டியே பரிசோதனைக்குச் செல்வது நல்லது. பழைய நோயை மறைப்பதால் பயன் இல்லை, ஏனெனில் தழும்பு படத்தில் தெரிந்துவிடும்.

வரம்புகள்

குடியேற்றம் அல்லாத விசாக்களில் செல்லும் சுற்றுலாப் பயணிகள், மாணவர்கள், தற்காலிகப் பணியாளர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இப்பரிசோதனை இல்லை. பல ஆண்டுகள் தங்கிப் பயிலும் மாணவரைப் பரிசோதிக்காமல், குடியேறுபவரை மட்டும் பரிசோதிப்பதற்கு மருத்துவ நோக்கில் தெளிவான காரணம் இல்லை. ஐக்கிய இராச்சியம் இதில் வேறுபட்ட வழியைப் பின்பற்றுகிறது. 2012 முதல், இந்தியா உட்படக் காச நோய் மிகுந்த நாடுகளிலிருந்து 6 மாதங்களுக்கு மேல் தங்கச் செல்லும் மாணவர்களும் பணியாளர்களும் அங்கு புறப்படும் முன்பே சோதிக்கப்படுகின்றனர்.

மற்றொரு வரம்பு நோயின் இயல்பிலேயே உள்ளது. காச நோய்க் கிருமி உடலில் பல்லாண்டுகள் உறங்கும் நிலையில் இருக்கக்கூடும். அத்தகைய தொற்று உள்ளவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் நோய் ஏற்படுகிறது. அமெரிக்காவில் கண்டறியப்படும் காச நோயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவை இவ்வாறு நெடுநாள் உறங்கிய தொற்று விழித்தெழுவதால் தோன்றுபவை. பயண நாளில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் தெளிவாக இருந்தவருக்கும் பத்து ஆண்டுகள் கழித்து நோய் வரலாம். மறைநிலைத் தொற்று உள்ளவர்கள் அங்கு சென்ற பின் தடுப்பு மருந்து உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். ஆனால் விசா பெறுவதற்கு அது நிபந்தனை அன்று.