சர்க்கஸ் மண்ணில் பிறந்த இறுதிப்போட்டி

அமெரிக்கக் கால்பந்து லீகின் 1932-ஆம் ஆண்டுப் பட்டியலைப் பார்ப்பவர்கள் முதலில் குழம்பித்தான் போவார்கள். கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு 10 வெற்றிகள். சிகாகோ பேர்ஸ் அணிக்கு 7. ஆனால் பட்டம் பேர்ஸுக்கு! இந்த விநோதக் கணக்கின் வயிற்றில்தான் இன்று உலகமே பார்க்கும் சூப்பர் பவுலின் முன்னோடியான இறுதிப்போட்டி கருக்கொண்டது.

1920-இல் தொடங்கிய இந்தத் தொழில்முறை லீகில் அதுவரை இறுதிப்போட்டி என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வோர் அணியும் ஒவ்வோர் எண்ணிக்கையில் ஆடும். பருவம் முடிந்ததும் வெற்றி விகிதம் யாருக்கு அதிகமோ அவர்களே சாம்பியன். சமனில் முடிந்த ஆட்டங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நடக்காத ஆட்டம் மாதிரி தள்ளிவிடுவார்கள்.

இந்த விதியால் பேர்ஸைப் போல ஆதாயம் அடைந்தவர்கள் யாருமில்லை. ஜார்ஜ் ஹாலஸுக்குச் சொந்தமான அந்த அணிக்கு அப்போது ரால்ஃப் ஜோன்ஸ் பயிற்சியாளர். முரட்டு உடம்புக்காரர் பிராங்கோ நகர்ஸ்கி, நாடறிந்த நட்சத்திரம் ரெட் கிரேஞ்ச் இருவரும் அணியில் இருந்தார்கள். அப்படியும் முதல் மூன்று ஆட்டங்கள் 0-0 என்றே முடிந்தன. நான்காவதில் பேக்கர்ஸிடம் 0-2 என்று தோல்வி. நான்கு ஆட்டம் ஆடி ஒரு புள்ளிகூட எடுக்காத அணி, எதிரிகளுக்கு விட்டுக்கொடுத்ததும் மொத்தம் 2 புள்ளிதான். அதன்பிறகு அது தோற்கவே இல்லை. ஆறு வெற்றி, ஒரு தோல்வி, ஆறு சமன் என்று பருவத்தை முடித்தது.

முந்தைய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பட்டம் வென்றிருந்த பேக்கர்ஸ், கடைசி இரண்டு ஆட்டங்களில் சறுக்கியது. டிசம்பர் 4 அன்று போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸிடம் 0-19. அடுத்த வாரம் சிகாகோவின் பனியில் பேர்ஸிடம் 0-9. ஸ்பார்ட்டன்ஸ், ஒஹாயோ ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய தொழில்நகரத்தின் அணி. அதன் கணக்கு ஆறு வெற்றி, ஒரு தோல்வி, நான்கு சமன். சமன்களைக் கழித்தால் பேர்ஸும் ஸ்பார்ட்டன்ஸும் ஏழுக்கு ஆறு என்று சரிக்குச் சரி. நேருக்கு நேர் மோதியதை வைத்து முடிவு செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை: இரண்டு முறை மோதி, 13-13, 7-7 என்று இரண்டுமே சமன்!

முதலிடத்துக்கு இரண்டு அணிகள் இப்படிச் சமமாக வந்து நின்றது லீகின் வரலாற்றில் அதுவே முதல் முறை. கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. டிசம்பர் 18, ரிக்லி ஃபீல்டு மைதானம். ஆனால் சிகாகோவைக் கடும் குளிரும் பனியும் மூடிவிட்டன. பொருளாதார மந்தத்தின் நடுவே லீகில் எட்டே அணிகள் மிஞ்சியிருந்த காலம் அது. காலியான இருக்கைகளுக்கு முன்னால் ஆட யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆட்டத்தைக் கூரைக்கு அடியில், சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்குக்கு மாற்றினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே அரங்கில் பேர்ஸ் ஓர் உதவிநிதி ஆட்டம் ஆடியிருந்ததால் யோசனை புதிதல்ல.

அதற்குச் சற்று முன்புதான் அங்கே சர்க்கஸ் நடந்திருந்தது. விலங்குகளின் நாற்றம் போகாத அந்த மண்ணிலேயே கோடு போட்டார்கள். 100 கஜம் இருக்க வேண்டிய ஆடுகளம் 80 கஜமாகச் சுருங்கியது. பக்கவாட்டில் சுவர். வெளிமைதானங்களில் பந்து ஓரக்கோட்டருகே நின்றால் அங்கிருந்தே ஆட்டத்தை மீண்டும் தொடங்குவார்கள்; இங்கே அப்படித் தொடங்கினால் மண்டை உடையும். ஆகவே பந்தை உள்ளே தள்ளி வைத்து ஆடுவது என்று ஏற்பாடு. கோல் கம்பங்களைக் கோல் கோட்டுக்கே கொண்டுவந்தார்கள். கம்பத்துக்குக் குறிவைத்து உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி அன்று கிடையாது.

11,198 பேர் பார்க்க வந்தார்கள். அந்தப் பருவத்தில் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்த டச் கிளார்க் ஸ்பார்ட்டன்ஸ் பக்கம் இல்லை. கொலராடோ கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலைக்குப் போய்விட்டார். மூன்று கால்பகுதிகள் 0-0. கடைசிப் பகுதியில் டிக் நெஸ்பிட் எதிரணியின் வீச்சை இடைமறித்துப் பேர்ஸைக் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நகர்ஸ்கி முட்டி மோதியும் நுழைய முடியவில்லை. கடைசி வாய்ப்பில் மீண்டும் பாய்வதுபோல் பாவனை காட்டி, பின்னால் நகர்ந்து, கிரேஞ்சுக்கு வீசினார். டச் டவுன்!

ஸ்பார்ட்டன்ஸ் பயிற்சியாளர் பாட்ஸி கிளார்க் கொதித்தெழுந்தார். வீசுபவர் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு ஐந்து கஜமாவது பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. நகர்ஸ்கி அவ்வளவு தூரம் போகவில்லை என்பது அவர் வாதம். நடுவர் அசையவில்லை. பின்னர் இன்னும் இரண்டு புள்ளி சேர, ஆட்டம் 9-0 என்று முடிந்தது. வழக்கமான பருவத்தின் ஆட்டமாகவே அதைக் கணக்கில் சேர்த்ததால், தோற்ற ஸ்பார்ட்டன்ஸ் பேக்கர்ஸுக்கும் கீழே மூன்றாமிடத்துக்கு இறங்கியது.

அன்று சமாளிப்புக்காகச் செய்தவற்றில் சிலவற்றை அடுத்த ஆண்டே சட்டமாக்கினார்கள். அதுவரை கல்லூரிக் கால்பந்தின் விதிகளையே பின்பற்றிவந்த லீக், 1933-இல் தனி வழி பிடித்தது. கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் பந்தை வீசலாம் என்றானது. சண்டைக்குக் காரணமான ஐந்து கஜ விதி ஒழிந்தது. ஓரத்திலிருந்து பத்து கஜம் உள்ளே பந்தை வைப்பதற்கான கோடுகள் வந்தன. கோல் கம்பங்கள் கோல் கோட்டுக்கு வந்து 1974 வரை அங்கேயே நின்றன. 0-0 ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த ரசிகர்களைத் திரும்ப அழைக்க உரிமையாளர்களுக்கு இவை தேவைப்பட்டன.

கூடவே, பாஸ்டன் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் ஹாலஸின் ஆதரவோடு ஒரு திட்டம் வைத்தார்: லீகை இரண்டு பிரிவாக்கி, இரண்டிலும் முதலிடம் பெறும் அணிகளை ஆண்டுதோறும் மோதவிடுவது. 1933 டிசம்பர் 17 அன்று ரிக்லி ஃபீல்டில் நடந்த முதல் மோதலில் பேர்ஸ், நியூயார்க் ஜயண்ட்ஸை 23-21 என்று வென்றது. பேர்ஸின் இரண்டு டச் டவுன்களும் நகர்ஸ்கியின் வீச்சிலிருந்து பிறந்தவை. இந்த முறை ஐந்து கஜம் பற்றி யாரும் வாய் திறக்க முடியவில்லை. ஸ்பார்ட்டன்ஸ் 1934-இல் கைமாறி டெட்ராய்ட் லயன்ஸ் ஆனது.

1972 முதல் சமனான ஆட்டத்தை அரை வெற்றியாக எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கை 1932-க்குப் போட்டுப் பார்த்தால் பேக்கர்ஸ் 75 சதவீதம், ஸ்பார்ட்டன்ஸ் ஏறக்குறைய 73, பேர்ஸ் 69. பேக்கர்ஸ் நான்காம் முறையாகப் பட்டம் வென்றிருக்கும். அந்தக் கூடுதல் ஆட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது. லீகின் ஏடுகள் முதல் இறுதிப்போட்டி 1933 என்றே சொல்கின்றன. ஏட்டுக்கு அது சரி. ஆனால் அந்தப் போட்டிக்கு வழிவிட்டது, பிழையான ஒரு கணக்கும் சர்க்கஸ் மண்ணில் நடந்த ஓர் ஆட்டமும்தான்.